இரண்டு அடுப்பு, ஒரு கிணறு: இதை ஒரு குடும்பம் என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குச் சமூகவியல் கற்பித்து வருகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசுகிறவர்கள். சென்ற வாரம் குடும்பம் பற்றிய பாடத்தை எடுத்தபோது, நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லித் தந்தபடியே, முன்பு எல்லாரும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தார்கள், தொழிற்சாலையும் நகரமும் வந்தபின் அது உடைந்து தனிக்குடும்பமாயிற்று என்று கரும்பலகையில் ஓர் அம்புக்குறி போட்டு விளக்கினேன்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து தன் வீட்டைப் பற்றிக் கேட்டாள். தென்னந்தோப்புக்கு நடுவே ஒரே சாளை (தோட்டத்து வீடு). அப்பாவும் பெரியப்பாவும் சுவர் எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டு தனித்தனியே சமைக்கிறார்கள். ரேஷன் அட்டை இரண்டு. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரள அரசின் பெண்கள் சுய உதவிக் குழுவில்) அம்மா ஓர் உறுப்பினர், பெரியம்மா ஓர் உறுப்பினர். ஆனால் கிணறும் மோட்டாரும் பொது, பயிர்க்கடன் பொது, பாட்டி மாதத்துக்கு ஒரு வீட்டில் சாப்பிடுகிறார். “நாங்கள் அம்புக்குறிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா மிஸ்?” என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் சொல்லவில்லை.

குடும்பத்தைச் சமூகவியலாளர்கள் புரிந்துகொண்ட விதம் காலப்போக்கில் எப்படி மாறி வந்தது, அந்த அம்புக்குறி எங்கிருந்து வந்தது, அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் எதை வரைவது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், பாலக்காடு

அம்மா, அந்த மாணவியின் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சமூகவியலாளர்களையே திணற வைத்த கேள்விதான். ஆகவே பதில் சொல்ல முடியாமல் போனதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

அம்புக்குறியின் பிறப்பிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1861இல் ஹென்றி மெய்ன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர், ஆதியில் இருந்தது தந்தையின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்ட பெருங்குடும்பமே என்றும், மனித சமூகம் பிறப்பால் வரும் நிலையிலிருந்து ஒப்பந்தத்தை நோக்கி நகர்ந்தது என்றும் எழுதினார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாகோஃபென், ஆதியில் இருந்தது தாயுரிமை என்று நேர் எதிராக எழுதினார். பிறகு 1877இல் அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மார்கன் குடும்ப வடிவங்களைப் படிப்படியாக அடுக்கினார். அந்த அடுக்கை எடுத்துக்கொண்டு 1884இல் எங்கெல்ஸ், தனியுடைமை தோன்றியபோதுதான் பெண் வீட்டுக்குள் தோற்கடிக்கப்பட்டாள் என்று வாதிட்டார். இவர்களுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும், குடும்பம் ஓர் ஏணியில் ஏறி வந்திருக்கிறது, மேல்படியில் ஐரோப்பா நிற்கிறது என்பதில் பெரிதும் உடன்பட்டார்கள். இந்தியக் கூட்டுக்குடும்பத்தை மெய்ன் பழங்காலத்தின் உயிருள்ள எச்சமாகவே பார்த்தார். நம் பாடநூல் மொழியில் அந்தப் பார்வையின் வாடை இன்னும் போகவில்லை என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேள்வி மாறியது. குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, அது சமூகத்துக்கு என்ன வேலை செய்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். 1949இல் அமெரிக்க மானுடவியலாளர் மர்டாக் 250 சமூகங்களின் விவரங்களை ஒப்பிட்டு, கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்த தனிக்குடும்பம் எங்கும் உள்ளது என்றார். 1955இல் டால்காட் பார்சன்ஸ், தொழில்மயச் சமூகத்தில் குடும்பத்துக்கு மிஞ்சிய வேலைகள் இரண்டே என்றார்: குழந்தையைச் சமூக மனிதனாக்குவது, பெரியவர்களின் மனத்தை நிலைப்படுத்துவது. 1963இல் வில்லியம் குட், உலகம் முழுவதும் தம்பதி மையக் குடும்பத்தை நோக்கி நகர்கிறது என்று எழுதினார். உங்கள் கரும்பலகை அம்பு இவர்களிடமிருந்து பாடநூல்களுக்குள் வந்தது.

அதை முறித்தவர்கள் பழைய கணக்கேடுகளைத் திறந்து பார்த்தவர்கள். பீட்டர் லாஸ்லெட்டும் கேம்பிரிட்ஜில் அவருடன் இருந்தவர்களும் இங்கிலாந்தின் ஊர்ப்பட்டியல்களை எண்ணிப் பார்த்தபோது, தொழிற்புரட்சிக்கு மிகவும் முன்பிருந்தே அங்கு ஒரு வீட்டின் சராசரி ஆட்கள் ஏறத்தாழ 4.75 என்ற அளவிலேயே இருந்து வந்தது தெரிந்தது. உடைவதற்கு அங்கே பெருங்குடும்பமே இல்லை! நம் நாட்டில் இதே வேலையை ஏ.எம்.ஷா செய்தார். குஜராத் கிராமம் ஒன்றின் 1825ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஆராய்ந்து, அப்போதே சிறு வீடுகள் ஏராளமாக இருந்ததைக் காட்டினார். ‘ஒரு வீட்டில் வாழ்வோர்’ என்பதையும் ‘குடும்பம்’ என்பதையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று 1973இல் வெளிவந்த நூலில் வற்புறுத்தினார்.

இதற்கான காரணத்தை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். 1901 முதல் 1911 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 23 ஆண்டுகள்தான். பச்சிளம் குழந்தைகளின் சாவுதான் அந்த எண்ணை இவ்வளவு கீழே இழுக்கிறது என்றாலும், தாத்தா உயிரோடிருந்து, திருமணமான மகன்கள் இருவரும் பிழைத்து, பேரக்குழந்தைகளும் தங்கி, எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதென்பது பலருக்கு வாய்க்காத பேறு. கூட்டுக்குடும்பம் விருப்பமாகவும் முறையாகவும் எங்கும் இருந்திருக்கலாம். அந்த விருப்பம் நிறைவேறிய வீடுகள் குறைவு. அந்த வகையில், பாட்டியோடு வாழும் உங்கள் மாணவிக்குக் கிடைத்தது அவளுடைய கொள்ளுப்பாட்டி காலத்தில் பலருக்குக் கிடைக்கவில்லை.

இனி அவளுடைய வீட்டுக்கு வருகிறேன். ஐராவதி கார்வே 1953இல் கூட்டுக்குடும்பத்துக்குச் சொன்ன இலக்கணம் ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு என்பது. அதன்படி பார்த்தால் அவளுடையது கூட்டுக்குடும்பம் ஆகாது. ஆனால் ஐ.பி.தேசாய் குஜராத்தின் மஹுவா நகரில் ஆய்வு செய்து, அடுப்பு பிரிந்த பிறகும் சொத்தாலும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமையாலும் குடும்பங்கள் கூடியே இருக்கின்றன என்று 1964இல் வெளியிட்டார். மில்டன் சிங்கரும் சென்னையின் 19 தொழிலதிபர்களின் குடும்பங்களைப் பார்த்து, ஆலை வைத்தவர்கள் கூட்டு உறவை அறுத்துவிடவில்லை, அதையே மூலதனத்துக்கும் நிர்வாகத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றார். ஆகவே கார்வேயிடம் கேட்டால் அந்த வீடு இரண்டு, தேசாயிடம் கேட்டால் ஒன்று. இரண்டு பதிலையும் காரணத்தோடு சொன்னால் அவள் புரிந்துகொள்வாள்.

பதில் 2: ஆந்திரச் சித்தூர்த் தமிழன்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவர் ஒரு வரியில் கடந்துபோன லூயிஸ் ஹென்றி மார்கனின் கதையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு.

எங்கள் ஊர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டம்; அந்த மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். ஆர்க்காட்டுப் பகுதியில் அமெரிக்க மதப்பணியாளர்கள் வேலை செய்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் செனகா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் உறவுச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்த மார்கனுக்கு, 1859இல் அந்தப் பணியைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தவர் ஒருவர் வழியாகத் தமிழ் உறவுச் சொற்கள் கிடைத்தன. பார்த்தவர் அசந்துபோனார். அப்பாவின் உடன்பிறந்தான் நமக்குப் பெரியப்பா, சித்தப்பா. அதாவது ஒரு வகை அப்பா. அம்மாவின் உடன்பிறந்தாள் பெரியம்மா, சின்னம்மா. ஒரு வகை அம்மா. அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. ஆனால் அம்மாவின் உடன்பிறந்தான் மாமா, அப்பாவின் உடன்பிறந்தாள் அத்தை. அவர்கள் பிள்ளைகளோ கட்டிக்கொள்ளும் முறை. ஆங்கிலத்தில் இந்த ஆண்களை எல்லாம் ஒரே சொல்லில் ‘அங்கிள்’ என்று முடித்துவிடுவார்கள். செனகா மக்களும் ஏறக்குறைய நம்மைப் போலவே பிரித்துச் சொல்வதைக் கண்டு, அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று அவர் எண்ணினார். சொற்களை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டியது தவறு. தமிழில் மாமா என்றால் மாமனாரும்தான், அத்தை என்றால் மாமியாரும்தான் என்ற நுட்பம் செனகா முறையில் இல்லை. அதற்கு அவர் உரிய இடம் தரவில்லை. ஆனாலும் 1871இல் அவர் வெளியிட்ட பெருநூலிலிருந்துதான் உறவுமுறை ஆய்வு என்ற துறையே வளர்ந்தது.

1953இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், மதுரைப் பக்கம் ஆய்வு செய்துவிட்டு, இந்தச் சொற்களை ஒரு பழைய காலத்தின் மிச்சமாகப் பார்க்கக் கூடாது, கொண்டும் கொடுத்தும் வரும் சம்பந்தம் ஒரு தலைமுறையோடு முடியாமல் சொத்துப்போல அடுத்த தலைமுறைக்கும் போகிறது என்பதையே அவை சொல்கின்றன என்று விளக்கினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இது கண்கூடு. நாங்கள் முறைமாமன், முறைப்பெண் என்று சொல்வதைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கர்கள் மேனமாமா, மேனரிகம் என்று சொல்வார்கள். மொழி வேறு, கட்டம் ஒன்று. அக்காள் மகளைக் கட்டுவது இரு வீட்டிலும் உண்டு. ஆசிரியை ஊருக்குப் பக்கத்து நாயர் வீடுகளில் மாமன் மகள் முறைப்பெண், ஆனால் அக்காள் மகளைக் கட்டுவது அறவே ஆகாது. தாய்வழி எண்ணும் தறவாட்டில் (கூட்டுக்குடும்ப வீட்டில்) மாமனும் மருமகளும் ஒரே வீட்டு இரத்தம். மூன்று மொழியினரின் உறவுச் சொற்களையும் மணமுறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், குடும்பம் இயற்கையாக ஒரே மாதிரிதான் அமையும் என்ற எண்ணம் மாணவர்களிடம் தானே கழன்று விழும்.

பதில் 3: வேலந்தாவளத்து இல்லத்தரசி

எல்லாரும் அடுப்பு ஒன்றா இரண்டா என்று எண்ணுகிறீர்கள். அந்த அடுப்பைப் பற்ற வைப்பவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். திருமணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

நான் வாழ வந்த வீட்டில் பதினொரு பேர். காலையில் நாலரைக்கு எழுந்தால்தான் எட்டு மணிக்குள் எல்லார் சாப்பாடும் ஆகும். நானும் ஓரகத்தியும் சாப்பிடும்போது குழம்பு சட்டியின் அடியில்தான் நிற்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் உலை பிரிந்தது. குடும்பம் உடைந்துவிட்டது என்று ஊரில் வருத்தப்பட்டார்கள். எனக்கு நாலரை மணி ஐந்தரை மணி ஆயிற்று. இப்போது ஓரகத்தியும் நானும் முன்பைவிட ஒற்றுமையாக இருக்கிறோம். அவள் வைத்த ரசம் சுவரைத் தாண்டி என் வீட்டுக்கு வருகிறது.

பார்சன்ஸ் சொன்ன ‘பெரியவர்களின் மனத்தை நிலைப்படுத்தும்’ வேலையைச் செய்தவள் மனைவி. அவளுடைய மனத்தை நிலைப்படுத்துவது யார் என்று அவர் கேட்கவில்லை. 1970களில் பெண்ணிய ஆய்வாளர்கள்தான் அதைக் கேட்டார்கள். ஒவ்வொரு திருமணத்திலும் அவனுடைய திருமணம், அவளுடைய திருமணம் என இரண்டு இருக்கின்றன என்று 1972இல் ஜெஸ்ஸி பெர்னார்ட் எழுதினார். 1974இல் ஆன் ஓக்லி, வீட்டு வேலையை அன்பின் வெளிப்பாடு என்று பேசி மழுப்பாமல், தொழிற்சாலை வேலையை ஆராய்வதுபோல நேரம், சலிப்பு, தனிமை என்று கணக்கெடுத்து ஆராய்ந்தார். குடும்பத்துக்குள் எல்லாருக்கும் ஒரே நலன் இருப்பதாக எண்ணி எழுதப்பட்ட பழைய ஆய்வுகளை அதற்குப் பின் அப்படியே நம்ப முடியவில்லை. நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் வகுப்பில் எழுதிப் போடுங்கள், மிஸ். பிறகு ஒவ்வொரு மாணவரையும் தன் வீட்டுக் கணக்கை ஒரு நாள் குறித்துவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் கணவர் சார்ஜாவில் இருக்கிறார். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளிநாட்டில் இருப்பதால் அவர் என் வீட்டு ஆளாக எண்ணப்பட மாட்டார். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியை அரிசி டப்பாவின்மேல் சாய்த்து வைத்தால் அவர் திரைக்குள் உட்கார்ந்துகொண்டு மகனிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார். நான் அப்போது காய் நறுக்குவேன். அவன் தப்பாகச் சொன்னால் இரண்டு பேரும் ஒன்றாகத் திருத்துவோம். 1996இல் டேவிட் மார்கன் என்ற ஆங்கிலேயச் சமூகவியலாளர், குடும்பம் என்பதை ஒரு பொருளின் பெயராக வைத்துக்கொண்டு அது உடைந்ததா, உடையவில்லையா என்று தேட வேண்டாம், அது நாள்தோறும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டே இருக்கும் காரியங்களின் பெயர் என்றார். (வயதில் மூத்த அந்த மார்கனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) அதைப் படித்தபோது என் வீட்டின் ஒன்பது மணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பதில் 4: ஆவண எழுத்தர், நாகர்கோவில்

வேலந்தாவளத்து அம்மா சொன்னது மனத்தைத் தொட்டது. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பணிவுடன் சொல்ல வேண்டும். அன்றாடம் செய்வதுதான் குடும்பம் என்றால், வாழ்நாள் முழுவதும் செய்தும் ஒரு செண்ட் நிலத்துக்கு உரிமை பெறாமல் போனவர்களை எந்தக் கணக்கில் வைப்பது?

எங்கள் நாஞ்சில் நாட்டில் வேளாளரில் ஒரு பிரிவினர் மருமக்கள்வழி. காரணவரின் (குடும்பத் தலைவரான மூத்த ஆணின்) சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அவரோடு குடித்தனம் நடத்தி, உலை வைத்து, நோயில் பார்த்த மனைவிக்கும் பெற்ற மக்களுக்கும் ‘உகந்துடைமை’ என்ற பெயரில் ஏதோ ஓரளவு கிடைக்கும். அதற்கும் வழக்காட வேண்டும். ஐந்து பெண்டிரை மணந்த ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி சொல்வதாகக் கவிமணி பாடிய மருமக்கள்வழி மான்மியம் இந்த நிலையைத்தான் நெஞ்சில் அறைந்தாற்போல் சொன்னது. திருவிதாங்கூர் அரசு 1925இல் நாயர்களுக்கும், கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் சட்டம் கொண்டுவந்தது. பழைய தறவாட்டுப் பாகப்பத்திரங்களில் ‘ஆளோகரி’ என்று எழுதியிருப்பார்கள்: தலைக்கு ஒரு பங்கு, நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒன்று. அப்படியொரு பத்திரத்தில் கைக்குழந்தையின் பெயருக்கு நேரே அதன் தாய் வைத்த கைநாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

தாய்வழி முறை சமூகவியலுக்கும் ஓர் அதிர்ச்சி கொடுத்தது. தனிக்குடும்பம் எங்கும் உண்டு என்று மர்டாக் சொன்னதாக ஐயா எழுதினார். 1947 முதல் 1949 வரை கேரளத்தில் கள ஆய்வு செய்த காத்லீன் கஃப், 1792க்கு முற்பட்ட நாயர் மண முறையை மீட்டுருவாக்கி 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூப்புக்கு முன் தாலிகெட்டு. பின்னர் சம்பந்தக்காரர்கள் (அவளோடு உறவு கொண்ட ஆண்கள்) இரவில் வந்து போவார்கள். பெண்ணும் பிள்ளைகளும் அவளுடைய தறவாட்டிலேயே. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழவில்லை, சேர்ந்து சம்பாதிக்கவில்லை. ஆயினும் பிள்ளை பிறந்தால் தகுந்த சாதியைச் சேர்ந்த ஓர் ஆண் பேற்றுச் செலவைக் கொடுத்துத் தன் தொடர்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் அந்தப் பெண்ணின் நிலை மிகவும் மோசமாகும். எனவே திருமணத்தின் சாரம் சேர்ந்து வாழ்வதில் இல்லை, பிறக்கும் குழந்தைக்குச் சமூகத்தில் முழு உரிமை தருவதில் இருக்கிறது என்று அவர் இலக்கணத்தையே மாற்றி எழுதினார். 1984இல் டேவிட் ஷ்னைடர் இன்னும் ஒரு படி மேலே போய், இரத்த உறவுதான் எங்கும் உறவின் அடித்தளம் என்பதே மேற்கத்தியர் தம் வழக்கத்தை உலகத்தின்மேல் ஏற்றியது என்றார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

ஆசிரியைக்கு ஒரு தகவல். கேரளம் 1975இல் இயற்றிய சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. தறவாட்டை மட்டும் அன்று, தந்தைவழிக் கூட்டுக்குடும்பத்தையும் சேர்த்து. மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்த 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தோடு அது எப்படிப் பொருந்தும் என்பது நீதிமன்றங்களில் நடக்கும் தனி விவாதம். ஆனால் எல்லைக்கு அப்பால், கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால், தமிழ்நாட்டில் அந்த முறை ஒழிக்கப்படவில்லை. 1989இல் மகளுக்கும் அதில் சம உரிமை கொடுத்துச் சீர்திருத்தினார்கள். ஒரே பங்காளிகளில் அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் நிலம் வைத்திருந்தால், அந்த 1975 சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அண்ணனுக்குக் கூட்டுக்குடும்பம் உண்டு, தம்பிக்கு இல்லை. உங்கள் மாணவியின் வீடு எந்தப் பக்கம் என்று சமூகவியல் சொல்வதற்கு முன் அந்தச் சட்டம் தன் பதிலைச் சொல்லிவிட்டது.

சட்டமும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில், கணவரின் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்காக விடுப்பு எடுத்திருந்த ஒரு செவிலியருக்குத் தன் முதல் பேற்றுக்கான விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், தாய், தந்தை, பிள்ளைகள் என்ற மாறாத ஓர் அமைப்பாகவே குடும்பத்தைப் பார்ப்பது பல குடும்பங்களின் நிலையைப் புறக்கணிப்பதாகும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையும் வகுப்பில் படித்துக் காட்டலாம்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்க்காட்டிலிருந்து போன உறவுச் சொற்களும், நாயர் தறவாடும், நம் எல்லைப்பகுதி வாழ்க்கையிலிருந்து எழுந்து சமூகவியலின் இலக்கணத்தை இரண்டு முறை திருத்தியிருக்கின்றன என்பதை நான் அறிந்திருக்கவில்லை. இதைப் பாடத்தில் எங்கோ வேறு நாட்டுச் செய்திபோல் படித்துவிட்டேன்.

ஆவண எழுத்தர் ஐயாவுக்கும் வேலந்தாவளத்துத் தோழிக்கும் இடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் தீர்க்கப் போவதில்லை. அப்படியே வகுப்பில் வைக்கப் போகிறேன். இன்று காலை அந்த மாணவியிடம், அம்புக்குறியை அழித்துவிட்டேன் என்று சொல்லி, அவள் வீட்டுக்கு நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்: சோறு எத்தனை அடுப்பில் வேகிறது, அதை வேக வைப்பவர் எத்தனை மணிக்கு எழுகிறார், மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவள் அங்கேயே பதில் சொன்னாள்: திருப்பூரில் இருக்கும் அத்தையை. அத்தையின் பெயர் இரண்டு ரேஷன் அட்டையிலும் இல்லை.

ஆந்திரச் சித்தூர் நண்பர், தமிழ், தெலுங்கு உறவுச் சொற்களை எதிரெதிரே எழுதிய ஒரு பட்டியலை இங்கே இட முடியுமா? மலையாளப் பக்கத்தை என் மாணவர்கள் நிரப்பிவிடுவார்கள்.